டேட்டாபேஸ் வாசலில் தள்ளுமுள்ளு: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. கிளவுடில் சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதுகிறோம். அது ஒரு கையால் கோப்புக் கிடங்கைத் தொடுகிறது, இன்னொரு கையால் டேட்டாபேஸைத் தொடுகிறது. ஃபங்ஷன் பத்து நிமிடத்தில் எழுதி முடிந்துவிடுகிறது, இரண்டு கைகளையும் சரியாக இணைக்கப் பத்து நாள் ஆகிறது. அதனால் இந்த இதழ் முழுக்க இதுதான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன் நான். ஃபங்ஷனுக்கும் டேட்டாபேஸுக்கும் சண்டை என்றால் விசாரிக்காமலேயே டேட்டாபேஸ் பக்கம் சாய்ந்துவிடுவேன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

*

கேள்வி: சர்வர்லெஸ் என்கிறார்கள். சர்வரே இல்லாமல் புரோகிராம் எங்கே ஓடும் சார்? (கல்லூரி மாணவி)

சர்வரில்தான் ஓடும். அந்தச் சர்வரை நீங்கள் பார்க்கவும் வேண்டாம், பராமரிக்கவும் வேண்டாம் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். அமேசான் 2014 நவம்பரில் லாம்டா என்ற ஃபங்ஷன் சேவையை அறிவித்தபோது இந்தப் பெயர் பரவ ஆரம்பித்தது. கோரிக்கை வந்தால் ஒரு சின்னப் பெட்டி திறந்து உங்கள் கோடு, அதாவது நீங்கள் எழுதிய புரோகிராம், ஓடும். வேலை முடிந்ததும் பெட்டி உறைந்துபோகும். கொஞ்ச நேரத்துக்குள் அடுத்த கோரிக்கை வந்தால் அதே பெட்டி விழித்துக்கொள்ளும், வராவிட்டால் தூக்கி எறிந்துவிடுவார்கள். இந்த ‘உறைந்துபோகும்’ என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தொல்லைகளில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

*

கேள்வி: எங்கள் ஃபங்ஷன் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஆர்டர்களைப் பதிவு செய்கிறது. டெஸ்ட் செய்யும்போது ஒரு குறையும் இல்லை. அறிமுகச் சலுகை அறிவித்த அன்று காலை கூட்டம் வந்ததும் ‘சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’ என்று டேட்டாபேஸ் கையை விரித்துவிட்டது. அதன் சிபியு 20 சதவீதம்கூட ஓடவில்லை. பெரிய மெஷினுக்கு மாறினால் சரியாகுமா?

மாறாதீர்கள். முதலில் ஒரு கணக்குப் போடுவோம்.

போஸ்ட்கிரெஸில் ஒரே நேரத்தில் எத்தனை கனெக்‌ஷன் என்பதற்கு அதனுடன் வரும் இயல்பான வரம்பு 100. அதில் 3 நிர்வாகிக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்டவை. உங்களுக்கு மிச்சம் 97. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் என்றால் 151. இது டேட்டாபேஸ் பக்கம். இப்போது ஃபங்ஷன் பக்கம் வாருங்கள். லாம்டாவில் ஒரு பெட்டி ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். ஒரே நேரத்தில் 300 பேர் ‘வாங்கு’ பொத்தானை அழுத்தினால் 300 பெட்டிகள். ஒரு பெட்டிக்கு இன்னொரு பெட்டி இருப்பதே தெரியாது. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து டேட்டாபேஸ் கதவைத் தட்டும். 97 நாற்காலி, 300 விருந்தாளி. சிபியு சும்மா இருந்ததில் ஆச்சரியமே இல்லை. வேலை உள்ளே வந்தால்தானே சிபியு ஓடும்? கூட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது.

‘சரி, 100ஐ 1000 ஆக்கிவிடுகிறேன்’ என்று கை பரபரக்கும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு தனி புராசஸ் தொடங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் கனெக்‌ஷனும் மெமரியைத் தின்னும். அந்த எண்ணை மாற்ற டேட்டாபேஸை ரீஸ்டார்ட் வேறு செய்ய வேண்டும், கூட்டம் நிற்கும் நேரத்தில் அதையும் செய்து பாருங்கள். 100ஐ 200 ஆக்குவது தப்பில்லை. ஆயிரக்கணக்கில் ஏற்றுவது வியாதியை ஒளித்து வைப்பதுதான்.

அப்புறம், உங்கள் புரோகிராமை அனுப்பியிருந்தீர்கள். அதில் கனெக்‌ஷன் திறக்கும் வரி ஹேண்ட்லருக்கு (ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓடும் பகுதி) உள்ளே இருக்கிறது. அதாவது ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக டிசிபி கைகுலுக்கல் (நெட்வொர்க் இணைப்பு), அதன் மேல் டிஎல்எஸ் (மறையாக்கம்), அதன் மேல் பாஸ்வேர்டு சோதனை. வேலை என்னவோ ஒரே ஒரு இன்சர்ட், அதாவது டேபிளில் ஒரு வரி சேர்ப்பது. போதாததற்கு நடுவில் எரர் வந்தால் மூடும் வரியைத் தாண்டிப் போய்விடுகிறது. பத்தொன்பதாம் வரியைப் பாருங்கள், ‘ரிட்டர்ன்’ முந்திக்கொள்கிறது. அந்த கனெக்‌ஷன் அனாதையாக நிற்கும். திறக்கும் வரியைத் தூக்கி ஹேண்ட்லருக்கு வெளியே, கோப்பின் மேல்பகுதியில் போடுங்கள். பெட்டி உயிரோடு இருக்கும்வரை அதே கனெக்‌ஷன் அடுத்தடுத்த கோரிக்கைகளுக்கும் உதவும்.

அங்கே பூல் (திறந்து தயாராக வைத்த கனெக்‌ஷன்களின் தொகுப்பு) வைத்தால் அதன் அளவு 1 போதும். ஒரு பெட்டி ஒரு கோரிக்கை என்னும்போது பத்து கனெக்‌ஷனை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறது? ஜாவா எழுதுபவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பலரும் பயன்படுத்தும் ஹிகாரி பூல் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 கனெக்‌ஷனைத் திறந்து தயாராக வைத்துக்கொள்ளும். பத்துப் பெட்டி திறந்தாலே நூறு.

வெளியே வைப்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பெட்டி உறைந்துபோகும் என்றேன் அல்லவா? உறைந்தது ‘போய்வருகிறேன்’ என்று டேட்டாபேஸிடம் சொல்வதில்லை. அப்படியே தூக்கி எறியப்பட்டால் மறுமுனையில் போஸ்ட்கிரெஸ் ஆள் இன்னும் இருக்கிறார் என்று நம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டே இருக்கக்கூடும். லினக்ஸில் உயிரோடு இருக்கிறாயா என்று முதல்முறை கேட்டுப் பார்க்கவே இயல்பாக 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம் ஆகும். மைஎஸ்கியூஎல் இன்னும் பொறுமைசாலி, 28800 விநாடி, 8 மணி நேரம் காத்திருக்கும். இந்த எண்களைக் குறையுங்கள். போஸ்ட்கிரெஸ் 14இலிருந்து சும்மா இருக்கும் செஷனை வெட்டிவிட ‘ஐடில் செஷன் டைம்அவுட்’ என்றே ஒரு அமைப்பு உண்டு. வெட்டிய பிறகு உறைந்த பெட்டி விழித்து, செத்த கனெக்‌ஷனில் கேள்வி கேட்டு எரர் வாங்கும். அதனால் முதல் கேள்வி தோற்றால் ஒருமுறை புதிதாகத் திறந்து முயலும் கோடும் தேவை.

இவ்வளவும் செய்தாலும் 300 பெட்டி 300 பெட்டிதான். நிரந்தரமான வழி நடுவில் ஒரு ஆளை நிறுத்துவது. போஸ்ட்கிரெஸ் உலகத்தில் பிஜிபவுன்சர் பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறது. அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் ஆர்டிஎஸ் பிராக்ஸி 2020இலிருந்து பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது. வாசலில் முந்நூறு பேர் நின்றாலும் உள்ளே இருபது கனெக்‌ஷனை வைத்துச் சுழற்றி சமாளிக்கும். டிரான்சாக்‌ஷன் என்பது முழுதாக நடக்கும், அல்லது ஒன்றுமே நடக்காத ஒரு வேலைக் கட்டு. பிஜிபவுன்சரை டிரான்சாக்‌ஷன் மோடில் ஓட்டினால்தான் இந்தச் சுழற்சி உருப்படியாக நடக்கும், இயல்பான செஷன் மோடில் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. டிரான்சாக்‌ஷன் மோடில் உங்கள் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனும் வேறு வேறு கனெக்‌ஷனில் விழலாம். ஆகவே ‘செட்’ போட்டு வைத்தது, தற்காலிக டேபிள், செஷன் அளவிலான பூட்டு எதுவும் அடுத்த டிரான்சாக்‌ஷனில் இருக்கும் என்று நம்பாதீர்கள். முன்கூட்டியே தயாரித்து வைக்கும் கேள்வியான பிரிபேர்டு ஸ்டேட்மென்ட்டும் அங்கே வெகுகாலம் தகராறாக இருந்தது. 2023இல் வந்த 1.21 பதிப்பில்தான் அதற்கு வழி பிறந்தது.

இன்றைக்கே ஏதாவது செய்யவேண்டும் என்றால் ஃபங்ஷனின் ஒரே நேர ஓட்ட எண்ணிக்கைக்கு வரம்பு போடுங்கள், 60 என்று வையுங்கள். மிச்சக் கோரிக்கைகள் திருப்பி அனுப்பப்படும். ஆர்டர் விஷயத்தில் அது வலிக்கும்தான். அவற்றை ஒரு க்யூவில் போட்டு மெதுவாக எடுத்தால் வலி குறையும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் கனெக்‌ஷனைப் பற்றித்தான் சொன்னார்களோ என்று எனக்கு அவ்வப்போது சந்தேகம் வரும்.

*

கேள்வி: பயனர் ஏற்றும் படங்களை டேட்டாபேஸிலேயே வைத்துவிட்டால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்குமே? ஏன் தனியாக ஒரு பக்கெட் (கிளவுடின் கோப்புக் கிடங்கு)?

வைக்கலாம். போஸ்ட்கிரெஸ் ஒரு கட்டத்துக்குள் 1 ஜிபி வரை ஏற்றுக்கொள்ளும். ஆனால் பேக்கப் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அத்தனை படங்களையும் சேர்த்துச் சுமப்பீர்கள். கேள்விகளுக்குப் பயன்பட வேண்டிய மெமரியில் யாரோ எடுத்த செல்ஃபி உட்கார்ந்திருக்கும். படம் பக்கெட்டில், அதன் சாவி, அதாவது பக்கெட்டில் அதற்கு இருக்கும் பெயர், மட்டும் டேபிளில். முழு இணைய முகவரியை டேபிளில் எழுதிவைக்காதீர்கள். பக்கெட் மாறும் நாளில் லட்சம் வரிகளைத் திருத்த வேண்டியிருக்கும்.

இதில் யோசிக்க வேண்டிய இடம் வேறு. இரண்டு இடத்தில் எழுதுகிறீர்கள், இரண்டையும் சேர்த்துக் கட்டும் டிரான்சாக்‌ஷன் கிடையாது. டேபிளில் ‘ரோல்பேக்’ (செய்ததைத் திரும்பப் பெறு) சொன்னால் பக்கெட்டில் போட்ட கோப்பு திரும்பி வராது. எனவே வரிசை முக்கியம். சேர்க்கும்போது முதலில் கோப்பு, பிறகு டேபிளில் வரி. நடுவில் செத்தால் யாருக்கும் தெரியாமல் ஒரு கோப்பு மூலையில் கிடக்கும், அவ்வளவுதான். வரிசையை மாற்றிச் செய்து நடுவில் செத்தால், பயனர் கண்முன்னே உடைந்த படம் தெரியும். நீக்கும்போது நேர்மாறாக, முதலில் வரி, பிறகு கோப்பு. மூலையில் சேரும் கோப்புகளைப் பெருக்க வாரம் ஒருமுறை ஒரு சின்ன ஃபங்ஷன் ஓடட்டும். ஆனால் ஒரு நாளுக்கும் குறைந்த வயதுள்ள கோப்புகளைத் தொட வேண்டாம். இப்போதுதான் ஏற்றப்பட்டு, இன்னும் டேபிளில் வரி எழுதப்படாத கோப்பாகவும் இருக்கலாம்.

*

கேள்வி: பக்கெட்டில் கோப்பு விழுந்தால் ஃபங்ஷன் ஓடும்படி வைத்திருக்கிறேன். ஆங்கிலப் பெயர் என்றால் ஓடுகிறது. ‘கவிதை 1’ என்று தமிழில் பெயர் வைத்தால் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்கிறது. கண் முன்னால் கோப்பு இருக்கிறது! தமிழ் என்றால் இளக்காரமா?

இந்தக் கடிதம் வந்த நாள் நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். தமிழில் பெயர் வைத்துப் பார்த்ததற்கு.

இளக்காரம் இல்லை. அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3 தன் நிகழ்வுச் செய்தியில் கோப்பின் பெயரை நேரடியாக அனுப்பாது, இணைய முகவரிக்கு ஏற்றபடி உருமாற்றி அனுப்பும். லாகில் அதை அப்படியே அச்சிட்டுப் பாருங்கள். ‘கவிதை’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறியீடு: க, வ, இகரக் குறி, த, ஐகாரக் கொம்பு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். உருமாறும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். 45 எழுத்து! அதன் பின்னால் வரும் இடைவெளி கூட்டல் குறியாகிவிடும். இந்த நீள வாலை அப்படியே எடுத்துக்கொண்டு போய் பக்கெட்டில் தேடினால் யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்கும்.

மீண்டும் பழைய உருவுக்குக் கொண்டுவரும் ஃபங்ஷன் எல்லா மொழியிலும் உண்டு. பைத்தானில் ‘அன்க்வோட்’, ‘அன்க்வோட் பிளஸ்’ என்று இரண்டு இருக்கும். இரண்டாவதுதான் வேண்டும். முதலாவது தமிழைச் சரியாக மீட்டுத் தந்துவிடும், கூட்டல் குறியை மட்டும் இடைவெளியாக மாற்றாது. ‘கவிதை’ கிடைக்கும், ‘கவிதை 1’ கிடைக்காது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் தப்பு இது.

இன்னொன்று, இதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள், தமிழர்கள் நாமே பேசிக்கொண்டால்தான் உண்டு. ‘கொடி’ என்ற சொல்லில் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றேதான். பைட் கணக்கில் வேறு வேறு. பழைய மேக் கோப்பு அமைப்பு பெயர்களைப் பிரித்து வைக்கும் பழக்கம் கொண்டது. அங்கிருந்து ஏற்றிய ‘கொடி’யும் வேறு கணினியில் தட்டச்சு செய்து டேபிளில் எழுதிய ‘கொடி’யும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. டேபிளில் இருக்கிறது, பக்கெட்டிலும் இருக்கிறது, ஆனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். எழுதும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நான் செய்வது இதைவிடச் சோம்பேறித்தனமானது. பக்கெட்டில் சாவியாக யாருக்கும் அர்த்தம் புரியாத ஒரு யூயூஐடி (தானாக உருவாக்கும் தனித்த அடையாளம்). பயனர் வைத்த தமிழ்ப் பெயர் டேபிளில் ஒரு கட்டத்தில் பத்திரமாக. எஸ்3இல் சாவியின் நீளம் 1024 பைட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. தமிழில் அது 341 குறியீடுதான். நீளமாகத் தலைப்பு வைக்கும் கவிஞர்கள் அதையும் தாண்டிவிடுவார்கள்.

*

கேள்வி: ஃபங்ஷன் படத்தைச் சிறிதாக்கி அதே பக்கெட்டில் வைத்தால் தப்பா?

தப்பு. எப்படித் தெரியும் என்றால், நானே செய்திருக்கிறேன். படம் விழுந்ததும் ஃபங்ஷன் ஓடும், சிறிதாக்கி, பெயருக்கு முன்னால் ‘தம்ப்-’ என்று ஆங்கிலத்தில், கோட்டுக்குறியோடு, ஆறு எழுத்து ஒட்டு சேர்த்து, அதே பக்கெட்டில் வைக்கும். அந்தப் புதுப் படமும் ‘விழுந்த படம்’தானே? மறுபடி ஓடியது. தம்ப்-தம்ப், தம்ப்-தம்ப்-தம்ப்... நிறுத்தியது என் புத்திசாலித்தனம் இல்லை. மேலே சொன்ன 1024 பைட் விதிதான் காப்பாற்றியது. நூற்றறுபது சொச்சம் சுற்று போனபின் பெயர் நீளம் தாங்காமல் எரர் அடித்து நின்றது. அன்று ஏற்றப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் அத்தனை சுற்று. பில்லை மேலாளர் என் மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். இப்போது லாம்டா இப்படிப்பட்ட சுழலை மோப்பம் பிடித்து ஏறத்தாழ 16 சுற்றில் அறுத்துவிடுகிறது. அதை நம்பி இருக்க வேண்டாம். வருவதற்கு ஒரு பக்கெட், போவதற்கு இன்னொன்று.

*

கேள்வி: டேட்டாபேஸை வெளியுலகம் தொடாத தனி நெட்வொர்க்கில் வைத்திருக்கிறோம். ஃபங்ஷனையும் அதே விபிசிக்குள் (அந்தத் தனி நெட்வொர்க்குக்குள்) கொண்டுபோனேன். டேட்டாபேஸ் உடனே கிடைத்துவிட்டது. ஆனால் அதுவரை ஓடிக்கொண்டிருந்த எஸ்3 வேலை நின்றுபோனது. எரர்கூட வருவதில்லை, ‘3.00 விநாடியில் டைம்அவுட்’ என்று மட்டும் லாகில் ஒரு வரி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. ஃபங்ஷனை விபிசிக்குள் கொண்டுபோனதும் அதன் வெளி வாசல் அடைபட்டுவிடுகிறது. டேட்டாபேஸ் பக்கத்து அறையில் இருக்கிறது, அதனால் கிடைக்கிறது. எஸ்3 வீட்டுக்கு வெளியே இருக்கிறது. பொது சப்நெட்டில் (நெட்வொர்க்கின் வெளியுலகம் பார்த்த பகுதி) வைத்தாலும் பயனில்லை, லாம்டாவுக்குப் பொது ஐபி முகவரி கிடைக்காது. பலர் உடனே நேட் கேட்வே (உள்ளிருந்து வெளியே போக வழிவிடும் சேவை) போட்டு, மாதா மாதம் அதற்கு அழுவார்கள். எஸ்3க்கு மட்டும் போக வேண்டும் என்றால் எஸ்3க்கு நேர்வழி தரும் ‘கேட்வே எண்ட்பாயிண்ட்’ ஒன்று போட்டு ரூட் டேபிளில் (நெட்வொர்க்கின் பாதைப் பட்டியல்) சேர்த்தால் போதும், அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. அப்புறம் அடுத்த வாரம் பாஸ்வேர்டை சீக்ரெட்ஸ் மேனேஜரிலிருந்து (ரகசியங்களைப் பூட்டி வைக்கும் சேவை) எடுக்கப்போய் அங்கேயும் இதேபோல் தொங்கி நிற்கும். அதற்கு வேறு வகை எண்ட்பாயிண்ட், அதற்குக் கட்டணம் உண்டு. இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அந்த 3 விநாடி லாம்டா இயல்பாக வைக்கும் டைம்அவுட். அதை 30 ஆக்கிப் பார்த்திருப்பீர்கள், ‘30.00 விநாடியில் டைம்அவுட்’ என்று வந்திருக்கும். பாதை இல்லாத இடத்தில் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை.

எரர் செய்தியை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க என் கைவைத்தியம் ஒன்று. பதிலே இல்லாமல் தொங்கினால் பெரும்பாலும் பாதை இல்லை, அல்லது செக்யூரிட்டி குரூப்பில் (யார் உள்ளே வரலாம் என்ற விதிப் பட்டியல்) போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டைத் திறக்கவில்லை. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று உடனே வந்தால் மெஷின்வரை போய்விட்டீர்கள், அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. ‘பாஸ்வேர்டு தப்பு’ என்று வந்தால் சந்தோஷப்படுங்கள். நெட்வொர்க் முழுக்கச் சரி. முதல்முறை அந்த எரரைப் பார்த்தபோது நான் கை தட்டினேன், பக்கத்து மேஜைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

விபிசிக்குள் போனால் ஃபங்ஷன் எழ ரொம்ப நேரம் ஆகும் என்று உங்கள் குழுவில் ஒருவர் பயமுறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. 2019 செப்டம்பரில் அந்த அமைப்பை மாற்றத் தொடங்கினார்கள். அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

*

கேள்வி: பக்கெட்டில் ஒரு சிஎஸ்வி கோப்புதான் போட்டேன். டேபிளில் ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை இருக்கிறது. சில நாள் மூன்று. நான் ஏற்றியது ஒரே முறை, சத்தியமாக!

நம்புகிறேன். கோப்பு விழுந்த செய்தியை ‘குறைந்தது ஒரு முறை’ சேர்ப்பதாகத்தான் கிளவுட் வாக்கு கொடுக்கிறது. ‘ஒரே ஒரு முறை’ என்று யாரும் சொல்லவில்லை. அதோடு, ஃபங்ஷன் பாதியில் விழுந்தால் லாம்டா தானாகவே இன்னும் இரண்டு தடவை முயலும். முதல் ஓட்டத்தில் ஆயிரம் வரியில் 400 எழுதி டைம்அவுட் ஆகியிருக்கும். இரண்டாவது ஓட்டம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். உங்கள் டேபிளில் முதல் சில நூறு வரிகள் மட்டும் மும்மடங்காகவும் கடைசி வரிகள் ஒற்றையாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதுதான் கதை.

இரண்டு காரியம் செய்யுங்கள். மொத்தக் கோப்பையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள், பாதியில் விழுந்தால் ஒன்றும் எழுதாத மாதிரி ஆகிவிடும். அடுத்தது, கோப்பின் சாவியும் வரி எண்ணும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று டேபிளில் யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். அதே சாவியில் கோப்பை மாற்றி மாற்றி ஏற்றுவீர்கள் என்றால் பதிப்பு அடையாளத்தையும் சேருங்கள். இன்சர்ட்டின் வாலில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’. மறுபடி வந்தால் டேட்டாபேஸ் கண்டுகொள்ளாது. ‘ஏற்கெனவே இருக்கிறதா என்று செலக்ட் செய்து பார்த்துவிட்டு இன்சர்ட் செய்கிறேனே’ என்று ஃபங்ஷனில் எழுதாதீர்கள். இரண்டு பெட்டிகள் ஒரே கணத்தில் பார்க்கும், இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வரும், இரண்டும் எழுதும். இதை டேட்டாபேஸ் மட்டும்தான் ஒழுங்காகத் தீர்க்க முடியும். சாய்ந்துவிட்டேன் பார்த்தீர்களா?

‘மொத்தம்’ என்ற கட்டத்தில் தொகையைக் கூட்டிக்கொண்டே போகும் அப்டேட் ஒன்றும் உங்கள் கோடில் பார்த்தேன். அது இரண்டு தடவை ஓடினால் எந்தக் கட்டுப்பாடும் காப்பாற்றாது. இன்சர்ட் உண்மையிலேயே நடந்தால் மட்டும், அதே டிரான்சாக்‌ஷனுக்குள் கூட்டுங்கள்.

*

கேள்வி: பயனர் 20 எம்பி பிடிஎஃப் அனுப்பினால் ஃபங்ஷன் வாங்க மறுக்கிறது.

லாம்டாவின் நேரடிக் கோரிக்கைக்கு 6 எம்பிதான் எல்லை. அதிலும் கோப்பை பேஸ்64 (எழுத்து வடிவம்) ஆக்கி அனுப்பினால் மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும், உண்மையில் நாலரை எம்பிதான் தேறும். கோப்பை ஃபங்ஷன் வழியாக ஏன் சுமக்கிறீர்கள்? ‘இந்த இடத்தில் நேராகப் போட்டுக்கொள்’ என்று ஃபங்ஷன் ஒரு கையெழுத்திட்ட முகவரியைக் கொடுக்கட்டும். பயனரின் பிரவுசர் நேராக பக்கெட்டில் போடும். அந்த முகவரிக்கு 7 நாள் வரை ஆயுள் வைக்கலாம் என்று ஆவணத்தில் இருக்கும். ஆனால் ஃபங்ஷன் தற்காலிக அனுமதியில் கையெழுத்திடுகிறது, அந்த அனுமதி முடிந்ததும் முகவரியும் செத்துவிடும். பத்து நிமிடம் வைத்தால் போதும்.

*

கேள்வி: டேட்டாபேஸ் பாஸ்வேர்டை கோடில் எழுதக்கூடாது என்று தெரியும். வேறு எங்கே வைப்பது?

சீக்ரெட்ஸ் மேனேஜர் மாதிரியான இடத்தில். ஹேண்ட்லருக்கு வெளியே ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓடிப்போய்க் கேட்காதீர்கள். பாஸ்வேர்டு தப்பு என்று எரர் வந்தால் மட்டும் புதிதாக எடுக்கட்டும், யாராவது மாற்றியிருப்பார்கள். பாஸ்வேர்டே வேண்டாம் என்றால் ஆர்டிஎஸ்ஸில் ஐஏஎம் (அமேசானின் அனுமதி அமைப்பு) டோக்கன் வழி இருக்கிறது. டோக்கனின் ஆயுள் 15 நிமிடம். அது கதவைத் திறக்க மட்டும்தான். உள்ளே வந்த கனெக்‌ஷன் 15 நிமிடம் ஆனதும் அறுந்துவிடாது. இதை நினைத்து ஒரு வாசகர் ராத்திரி தூங்கவில்லையாம்.

*

கேள்வி: போன இதழில் ‘ஃபங்ஷன் அதிகபட்சம் 5 நிமிடம்தான் ஓடும்’ என்று எழுதியிருந்தீர்கள். என்னுடையது 11 நிமிடம் ஓடுகிறதே? உங்களுக்கு வயதாகிவிட்டதா?

ஆகிவிட்டது. லாம்டா தொடங்கிய காலத்தில் 60 விநாடி, பிறகு 5 நிமிடம், 2018 அக்டோபரிலிருந்து 15 நிமிடம். நான் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டேன். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸ்யூரின் கன்சம்ப்ஷன் திட்டத்தில் இயல்பாக 5, அதிகபட்சம் 10. அதையும் இதையும் குழப்பிக்கொண்டேன் போல. மன்னிக்கவும்.

ஆனால் 11 நிமிடம் என்ற எண் என்னை உறுத்துகிறது. நீங்கள் இணைத்திருந்த லாகைப் பார்த்தேன். அதில் 10 நிமிடத்துக்கு மேல் ஒரே ஒரு செலக்ட்டின் பதிலுக்காக ஃபங்ஷன் சும்மா உட்கார்ந்திருக்கிறது. காத்திருக்கும் நேரத்துக்கும் உங்களிடம்தான் காசு வாங்குகிறார்கள். அந்த செலக்ட்டுக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ (கேள்வி எப்படி ஓடியது என்று காட்டும் கட்டளை) சேர்த்து ஓட்டி, வரும் பதிலை அனுப்புங்கள். தேதிக் கட்டத்தில் இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன்.